கேட்டுவிட்டுத்தான் நடப்பார் வைத்தி

"பர்மிட் வேணுமா, வேண்டாமா? அது தெரியாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்" என்றார் வைத்தி, தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி.

"இத்தனை வருஷமா நடந்தோமே, யாரு கேட்டா?" என்றார் நண்பர் பட்டாபி.

ஹிமாலயத்தில் ஒரு நீண்ட பாதையை இருவரும் வருஷத்துக்கு ஒரு துண்டாக நடந்து வந்தார்கள். பாக்கி, எல்லைப் பக்கத்துக் கடைசித் துண்டு. வைத்தியின் முழங்காலைப் பார்த்த மனைவி வைதேஹி, "இந்த வருஷத்தோட மலைக்கு முழுக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இப்போது விட்டால் அந்தத் துண்டு இந்த ஜென்மத்தில் கிடையாது.

ஆனால் வைத்தி மத்திய சர்க்கார் செக்ஷன் ஆபீசர். மேலிடத்து உத்தரவு இல்லாமல் தும்மக்கூட யோசிப்பவர்.

எல்லைப் பகுதி விவகாரம் பார்க்கும் ஆபீசுக்குப் போனார். பான் மென்றுகொண்டிருந்த குமாஸ்தா ஹிந்தியில், "அந்தப் பாதையா? கேள்விப்பட்டதே இல்லை, பாய் சாப். பேசாம போயிட்டு வாங்க" என்றார்.

மூளை உள்ளவன் அத்தோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூட்டை கட்டியிருப்பான். வைத்தி, "அதை எழுத்திலே கொடுங்கோ" என்றார்.

குமாஸ்தா மெல்லுவதை நிறுத்தினார். "எழுத்திலேயா? அப்ப நீங்களும் எழுத்திலே கேளுங்க."

கேட்டார். பதில் இல்லை. ஞாபகக் கடிதம் போட்டார். அதற்கும் பதில் இல்லாமல் போகவே, ஜில்லா கலெக்டருக்கும் போலீசுக்கும் நகல் அனுப்பினார். வேலியில் போன ஓணானை அவரே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார். காலனியே ஜன்னலுக்கு வந்தது.

"எல்லைப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை?"

"நடக்கிற வேலை."

"ஏன், லோதி கார்டன்லே நடக்கக் கூடாதா?"

அவமானம் தாங்காத வைத்தி தம்முடைய ஜாயிண்ட் செக்ரட்டரியிடம் போய் அழுதார். அவர் எங்கெங்கோ போன் போட்டார்.

"பாத்தியா பட்டாபி? மேலிடத்திலே பரிசீலிக்கறாளாம்!" என்று வைத்தி பூரித்துப்போனார். வெட்கம் கெட்ட பூரிப்பு.

லீவு ஆரம்பித்தது. பதில் வரவில்லை.

"ஊர்லே எல்லாருக்கும் லெட்டர் போட்டாச்சு. அந்த மலைக்கு மட்டும்தான் போடலே" என்றாள் வைதேஹி.

வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, பதில் வராமலே கிளம்பினார் வைத்தி. பஸ்ஸில் காக்கிச் சட்டையைக் கண்டபோதெல்லாம், கண்டக்டர் உட்பட, அவருக்கு வியர்த்தது.

கடைசித் துண்டு தொடங்கும் இடத்தில் பாதைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கம்பு. தொட்டால் பெயிண்ட் கையில் ஒட்டியது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்து கையை நீட்டினான்.

"பர்மிட்?"

"பாத்தியா பட்டாபி! நான் அப்பவே சொன்னேனோல்லியோ?" இனி அந்தத் துண்டை நடக்க முடியாது என்பதுகூட உறைக்காமல் குதித்தார் வைத்தி. பிறகு கான்ஸ்டபிளிடம் ஹிந்தியில், "பர்மிட் எங்கே கிடைக்கும், பாய் சாப்?" என்றார்.

"இன்னும் அச்சடிக்கலை, சாப். அடுத்த வருஷம் வாங்க."

"அச்சடிக்கலையா? அப்போ இத்தனை நாளா ஜனங்க எப்படிப் போனா?" என்று கேட்டார் பட்டாபி.

கான்ஸ்டபிள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டான். "இத்தனை நாளா இங்கே கம்பும் கிடையாது, நாங்களும் கிடையாது, சாப். தில்லியிலே எவனோ ஒரு ஆபீசர் 'பர்மிட் வேணுமா, வேணுமா'ன்னு உயிரை எடுத்தானாம். அவனுக்குப் பதில் சொல்லணுமேன்னு முந்தாநாள்தான் எங்களை இங்கே கொண்டுவந்து தள்ளினாங்க!"