ரூபிகா உடைத்த தேற்றம்

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

பேரன்பும் மரியாதையும் உரிய அண்ணாவுக்கு,

தம்பி நாகேந்திரம் எழுதிக்கொள்வது. உங்கள் பிரஷரும் அண்ணியின் முழங்கால் நோவும் அடங்கியிருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே நான்தான் சுகமில்லை. போனில் கதைத்தால் மகள் ரூபிகாவுக்குக் கேட்கும், அதனால் கடிதம்.

அவள் கணிதத்தில் பி.எச்.டி. செய்வது உங்களுக்குத் தெரியும். விஷயம் "ஒபரேட்டர் ஸ்பேஸ்" என்று அவள் சொன்ன அன்று, முப்பத்தொரு வருடம் டெலிபோன் ஒபரேட்டராக இருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது வேறு ஒபரேட்டராம். அதிலும் அவள் தேடுவது "பத்தோலொஜிக்கல்" உதாரணங்கள் என்றதும், இரத்தம் சோதிக்கிற வேலையோ என்று பயந்து கேட்டேன். "இல்லையப்பா, எல்லாரும் நினைக்கிற மாதிரி நடக்காத சாமான். எங்கட ஃபிளாட்ஸ் மாதிரி. முதலாம் மாடியில பைப்பில தண்ணி நல்லா வரும், மேல மேல போகப் போகத்தான் வில்லங்கம் தெரியும்" என்றாள்.

போன கிழமை அப்படி ஒன்று அவளிடம் அகப்பட்டுவிட்டது. அகப்பட்ட இடம்தான் பிழை, அண்ணா. அவளுடைய பேராசிரியர் மக்கீன் பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு தேற்றம் நிறுவியவர். எந்த மாடிக்கு ஏறினாலும் அளவு கட்டுக்குள் நிற்குமென்று. இவளுடையது நிற்கவில்லை. "சேருக்குச் சொன்னனியோ?" என்றேன். "எப்பிடியப்பா சொல்லுறது? அந்தத் தேற்றமே அவற்ற பேரிலதானே இருக்கு" என்று அழுதாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெற்ற மனம் கேட்குமா? அவள் குளிக்கப் போன நேரம் கொப்பியிலிருந்து நாலு தாளை எடுத்துக்கொண்டு, ஒரு பெட்டி லட்டும் வாங்கி, பஸ் ஏறித் தெஹிவளையில் அவர் வீட்டுக்கே போய், "சேர், பிள்ளை தெரியாமல் செய்துபோட்டாள், மன்னிக்கவேணும்" என்று தாள்களை நீட்டினேன். மனிதர் வாசலிலேயே நின்று வாசித்தார். முகம் வெளிறிவிட்டது. அவருடைய மனைவி ஹமீமா என்னைப் பார்த்து, "அந்தக் கணக்கச் சொல்லித்தானே என்னப் பொண்ணு பாக்க வந்தது" என்றா. திடீரென்று மக்கீன் சேர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை இன்னும் பயப்படுத்துகிறது. வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே என்னையும் ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு வந்து, "பிழையெண்டா பிழைதான் மகள். அத வாப்பாட்டயா சொல்லி அனுப்புற?" என்று கேட்டுவிட்டார்.

அவர் அடுத்த மாதம் மாநாட்டு மேடையில் ஏறி, தன் தேற்றம் பிழை, திருத்தியவள் தன் மாணவி என்று சொல்லப் போகிறாராம். ரூபிகா மூன்று நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நீங்கள் கணக்கு வாத்தியாராக இருந்தவர், உங்கள் சொல்லுக்கு மரியாதை வைப்பாள். ஒருக்கால் போன் எடுத்து, அப்பா நல்லதுக்குத்தான் செய்தவர் என்று சொல்லிவிடுங்கோ.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

அன்புத் தம்பி,
நாகேந்திரம்.

பி.கு.: போன் எடுக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்போது ரூபிகா கத்தினாள். மூன்றாம் தாளில் ஒரு சய அடையாளம், அதுதான் மைனஸ், விடுபட்டிருக்கிறதாம். அதைப் போட்டால் எல்லா மாடியும் கட்டுக்குள் நிற்கிறது, மக்கீன் சேரின் தேற்றம் முழுசாகச் சரி. போனில் சொன்னதும் அவர் உடனே வந்துவிட்டார். "சேர், இனிச் சந்தோசம்தானே?" என்றேன். செத்தவீட்டுக்கு வந்தவர் போல இருந்து, "என்ன நாகேந்திரம், எவ்வளவு வடிவான உதாரணம், போச்சே" என்றார். இப்போது இருவரும் முன் ஹோலில் இருந்துகொண்டு, அந்தத் தேற்றத்தை உடைக்க வேறு வழி தேடுகிறார்கள். ரூபிகாவும் என்னோடு கதைத்துவிட்டாள்: "அப்பா, கொஞ்சம் அங்கால போய் எழுதுங்கோ."