முதல் படியில் என் செருப்பு

திருத்தணிக்காரர்கள் வெளியூர் ஆட்களிடம் சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. எங்களில் பலர் மலைக்குப் படியேறிப் போவதே இல்லை. எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் வெறுங்காலோடு முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறுவார்கள். நாங்கள் ஸ்கூட்டியில் தார் ரோடு வழியாக மேலே போய், வண்டியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, முருகனைப் பார்த்துவிட்டு, இட்லி ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம். இருபத்தாறு வயது வரை நானும் அப்படித்தான்.

எனக்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. பயம். ஏழாம் வகுப்பில் தோழிகளோடு ஏறியபோது, நாற்பதாவது படி வாக்கில் திரும்பிக் கீழே பார்த்துத் தொலைத்தேன். தலை சுற்றி உட்கார்ந்தவளை நைனா வந்து முதுகில் சுமந்து இறக்கினார் (நைனா என்றால் அப்பா; ஆந்திரா எல்லையில் குடியிருந்தால் அப்படித்தான்). அன்று முதல் "அதுக்கு மலை ஆவாது" என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. நானும் மேல்முறையீடு செய்யவில்லை.

இப்படிப்பட்ட என்னைப் பெண் பார்க்க கனகம்மாசத்திரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவருடைய அம்மாதான் பேசினார். சொந்த நிலத்தில் தானே இறங்கி நாற்று நடும் உடம்பு தன்னுடையது என்று வந்த ஐந்தாவது நிமிடமே சொல்லிவிட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு ரொம்ப ஒல்லியா கீதே, தெம்பு கீதா?"

நைனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாங்க இப்டி கேட்டுட்டீங்க? தினம் காலையில படியேறி சாமி பாத்துட்டுதாங்க வேலைக்கே போவும்!"

(தினமுமாம்!) நான் அவசரமாகக் காபித் தட்டை நைனா பக்கம் நீட்டினேன். அத்தையின் (மாப்பிள்ளையின் அம்மாவை அப்படித்தானே கூப்பிட வேண்டும்) முகமோ மலர்ந்துவிட்டது. மகனுக்குப் பெண் அமைந்தால் மருமகளோடு சேர்ந்து படிபூஜை செய்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். அதாவது, அத்தனை படிக்கும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்ற வேண்டும். "வர்ற வெள்ளிக்கெயம பூஜைய முடிச்சிடலாம். ஞாயித்துக்கெயம நிச்சயம் வெச்சிக்கலாம்" என்றார்.

கிளம்பும்போது மாப்பிள்ளை வேறு யாருக்கும் கேட்காமல் என்னிடம், "காபி நல்லாருந்துச்சு" என்றார். காபி போட்டது அம்மா. இருந்தாலும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதனால்தான் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதியில் மயங்கி விழுந்தால் நைனாவின் பொய்யும் போகும், நிச்சயமும் போகும். புதன்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்று அடிவாரம் வரை போனேன். அண்ணாந்து பார்த்தேன். ஒரு கரும்பு ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. அத்தை குழைத்த மஞ்சளை எடுத்துக்கொண்டு முதல் படியின் முன் குனிந்தார். என் சுறுசுறுப்பைக் காட்ட வேண்டுமே என்று நான் விறுவிறுவென்று அதே படியில் ஏறி நின்றேன். மஞ்சள் பூசப்போன விரல்கள் அப்படியே நின்றன. அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். சிவப்பு வார் வைத்த என் புதுச் செருப்பு.

"இன்னாம்மா, தினம் செருப்போடவா ஏறுவ?"

வண்டியில் போகிறவர்கள் செருப்பை மேலே விடுவோம். படியேறுகிறவர்கள் கீழேயே விட்டுவிட வேண்டும். தினமும் ஏறுகிறவளுக்கு இதுகூடவா தெரியாது? "இல்லீங்க அத்தை, கால்ல முள்ளு..." என்று உளறிக்கொண்டே செருப்பை உதறினேன். ஒன்று பூக்காரம்மாவின் கூடையருகே போய் விழுந்து, தனியாகத் திட்டு வாங்கித் தந்தது. அத்தை படியில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டு, மஞ்சள் பூசினார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏற ஆரம்பித்ததும் எனக்கே ஆச்சரியம். குனிந்து குனிந்து மஞ்சள் வைத்ததில் எதிரில் இருந்த படியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. என்னைக் கவிழ்த்த அந்தப் பழைய நாற்பதாவது படி எப்போது போனது என்றே தெரியவில்லை. பாதிக்குப் பக்கத்தில் வந்திருப்போம். 'அட, நாமளா!' என்று கொஞ்சம் நிமிர்ந்தேன். நிமிர்ந்தவள் சும்மா இருந்தேனா? திரும்பிப் பார்த்தேன்.

கீழே ஊரே தெரிந்தது. ஸ்டேஷனில் நின்றிருந்த ரயில் என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. பொத்தென்று உட்கார்ந்து படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

"அத்தை, நான் படியேறினதே இல்லீங்க. நைனா பொய் சொல்லிட்டாரு. என்னால முடியாதுங்க. வேற பொண்ணு பாத்துக்கோங்க."

பார்த்தால், இரண்டு படி கீழே அத்தையும் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"செருப்ப பாத்தப்பவே தெரிஞ்சிடுச்சு போ. எனக்கே முட்டி உயிர் போவுது. ஏறிப் பழகாத பொண்ணே உக்காராம போவுதே, அது முன்னாடி நாம உக்காந்தா மானம் போயிடுமேனு பல்ல கடிச்சிகினு வரேன். நீ எப்ப உக்காருவ, எப்ப உக்காருவனு பாத்துகினே வந்தேன்!"

"நாத்து நடற உடம்புன்னு சொன்னீங்களே?"

"நாத்து சமதரையிலதான நடறோம்?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் எனக்கு விக்கல் எடுத்தது. "இப்ப இன்னாங்க பண்றது?" என்றேன்.

"பாதியில எறங்கினா வேண்டுதல் இன்னா ஆவறது? நின்னு ஏறினாத்தான் முட்டி புடிக்குது, தவழ்ந்துகினே போவலாம் வா. கீழ மட்டும் பாக்காத."

மிச்சப் படிகளைக் கையும் முட்டியுமாக ஏறினோம். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது நைனாவின் பொய்யைவிடப் பெரிய பொய். ஒவ்வொரு படியிலும், இத்தோடு நான் காலி என்றுதான் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அந்தப் படிக்கு மஞ்சள் வைத்துவிட்டதால், அடுத்ததற்குப் போக வேண்டியிருந்தது.

பார்த்தவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். "முட்டி போட்டு ஏறுறாங்க, வழி விடுங்கப்பா!" என்று ஒருவர் கத்த, சுற்றிலும் அரோகரா கிளம்பியது. திருப்பதிப் பக்கத்து அம்மா ஒருவர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். (செருப்போடு படியை மிதித்த கால்!) நான் பதறி வாயைத் திறப்பதற்குள், "சொல்லித் தொலைக்காத" என்று அத்தை என் இடுப்பில் கிள்ளினார்.

மேலே, பைக்கில் வந்து தேங்காயோடு காத்திருந்த மாப்பிள்ளை, முழங்கை வரை மஞ்சளோடு தவழ்ந்து வந்த எங்கள் இருவரையும் பார்த்துத் திகைத்துப்போனார். "இன்னாம்மா இது?"

"வேண்டுதல்" என்றார் அத்தை.

நான் கடைசிப் படியைத் தடவிப் பார்த்தேன். அதற்கு மேல் படி இல்லை. அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்தில்கூட இல்லை.

"நான்தான் சொன்னேனே, தெம்பு கீதுன்னு" என்று நைனா இன்றும் பெருமை பேசுகிறார். "என் மருமக முட்டி போட்டே மலையேறினவ" என்று அத்தை ஊரெல்லாம் பரப்பியிருக்கிறார். வீட்டுக்குள் கதை வேறு. "என்னால முடியாது" என்று நான் எதற்கு வாயெடுத்தாலும், "மொதல்ல செருப்ப கழட்டு" என்பார்.

பிரசவ அறையிலும் அதுதான் நடந்தது. துணைக்கு அத்தையை உள்ளே விட்டிருந்தார்கள். வலி தாங்காமல், "அத்தை, என்னால முடியாதுங்க!" என்று அலறினேன். அவர் என் காதருகே குனிந்து, "செருப்ப கழட்டிட்டியா?" என்றார். அந்த வலியிலும் குபீரென்று சிரித்துவிட்டேன். "இன்னா சிரிப்பு இங்க? முக்கும்மா!" என்று நர்ஸ் அதட்டினார். சிரித்துக்கொண்டேதான் முக்கினேன்.

மகளுக்கு இப்போது நாலு வயது. பாட்டியிடம் இந்தச் செருப்புக் கதையைக் கேட்டே வளர்கிறாள். வீட்டுக்கு வருகிற யாராவது தன் பெருமையைப் பேச ஆரம்பித்தால், அவள் முதலில் அவர்கள் காலைத்தான் பார்க்கிறாள்.