செல்லாயி திட்டவில்லை

எரிந்துகொண்டிருந்த அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை வேண்டுமென்றே ஊற்றினான் பிச்சைமுத்து. குழம்பு பாதிக் கொதியில் நின்றது. வீடு முழுக்கப் புகை. இப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

பெண்டாட்டி செல்லாயி இருமிக்கொண்டே வந்து பார்த்தாள்.

"கை தவறிடுச்சா? போவுது விடுங்க. வேற வெறகு வச்சுக்கலாம்."

அட கடவுளே! பிச்சைமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

செமோர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற பிச்சைமுத்துதான் அங்கே பாட்டுக் கட்டுகிறவன். மாரியம்மன் திருவிழாக் கும்மிக்கு வருஷா வருஷம் அவன் பாட்டுதான். கட்ட உட்கார்ந்தால் சொந்தத் தொடையே மத்தளம். சோறு தண்ணி மறந்துபோகும். அந்த உற்சாகம் இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ, முதல் அடிகூட வரவில்லை.

செல்லாயி தன் தங்கச்சி பிரசவத்துக்கு ஜெலாப்பாங் போயிருந்த இரண்டு வாரத்தில்தான் பாட்டு நின்றது. அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. பத்து வருஷமாக அவன் கட்டிய ஒவ்வொரு பாட்டும் செல்லாயி திட்டி முடித்த சூட்டோடு வந்ததுதான்! அவள் திட்டினால் தோட்டத்து வரிசை வீடுகளான ஏழு லயத்துக்கும் கேட்கும். ஏற்ற இறக்கமெல்லாம் அத்தனை அழகாக இருக்கும். சரி, திரும்பி வரட்டும் என்று காத்திருந்தான். வந்தவளோ புது மருமகள் மாதிரி பேசுகிறாள். "கொஞ்சம் திட்டு" என்று வாய்விட்டுக் கேட்கலாம்தான். கேட்டு வாங்கினால் அது திட்டா?

கங்காணி ஐயாவு வேறு கெடு வைத்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு ஆளு நிக்கிறதுக்கு முன்ன பாட்டு வரணும்லா. இல்லேன்னா தைப்பிங்லேருந்து வேற ஆளைக் கூட்டியாந்துருவேன். அப்புறம் வருஷா வருஷம் அவன்தான்."

பாட்டும் போய்விட்டால் இந்தத் தோட்டத்தில் தன்னை எவன் மதிப்பான்? பிச்சைமுத்து அடுத்த வேலையில் இறங்கினான்.

ரப்பர் பால் சொட்டுகிற வேட்டியை, செல்லாயி துவைத்துக் காயப்போட்டிருந்த சேலைமேல் சுருட்டிப் போட்டு நன்றாக மிதித்தான். இரண்டும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன.

செல்லாயி இழுத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நம்ம ரெண்டு பேரு மாதிரி ஒட்டிக்கிடுச்சு பாருங்க!"

போச்சு. சேலையும் போச்சு, வேட்டியும் போச்சு.

துணி விற்க வந்த ஷரபுதீனிடம், அவள் கண்ணாக வளர்த்த முட்டைக்கோழியைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தான்.

"அண்ணே, சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"தெரியணும்னுதானேய்யா குடுக்கிறேன்!"

ஷரபுதீன் மிரண்டுபோய், கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமெடுத்தார். விஷயம் கேட்ட செல்லாயிக்கு மூக்கு விடைத்தது. கண் சிவந்தது. பிச்சைமுத்துவின் விரல் ஆசையோடு தொடைக்குப் போனது.

"அவரு புள்ளைங்க சாப்பிட்டுப் போவட்டும்," என்றாள் அவள். குரல் மட்டும் நடுங்கியது.

இனி மானம் பார்த்துப் பயனில்லை. வாசலில் நின்று லயமே கேட்கக் கத்தினான்.

"ராக்காயி அக்கா வைக்கிற கருவாட்டுக் குழம்புதான்யா குழம்பு! நம்ம வீட்டுல வைக்கிறதை மாடுகூட மோந்து பார்க்காது!"

செல்லாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். பக்கத்து வீட்டு ராக்காயிதான் அகப்பையோடு வந்து நின்றாள்.

"ஏண்டா அறிவு கெட்டவனே! என் குழம்பை நீ எப்படா தின்னே? எம் புருஷன் காதுல விழுந்தா என்னடா ஆவும்? கட்டுனவளைச் சந்தி சிரிக்க வைக்கிறியே, நீ உருப்படுவியாடா?"

பிச்சைமுத்துவின் முகம் மலர்ந்தது. தொடையில் தாளம் தானாக விழுந்தது. எத்தனை நாளாயிற்று!

"அக்கா, நல்லா வருதுக்கா! நிறுத்தாதே, இன்னும் நாலு வார்த்தை! செல்லாயி திட்டினாத்தான் எனக்குப் பாட்டே வரும். ஊர்லேருந்து வந்ததுலேருந்து பாவி மக வாயே தொறக்க மாட்டேங்கிறா!"

ராக்காயி அகப்பையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி! உன் பாட்டு திரும்பி வரணும்னு ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டுத்தானேடா, ஒரு மண்டலத்துக்கு உன்னை ஒரு வார்த்தை திட்டமாட்டேன்னு அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கா!"