குதிரையாட்டம் பார்க்கப் போய் விரதமிருந்த கதை

வேலும் மயிலும் துணை

பழனி,
24-5-1982

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் ஞானவேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் குருநாதன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை கந்தம்மாளும் வடிவும் சுகம், என் இடுப்பு நீங்கலாக. தாண்டிக்குடியில் நீங்களும் வீட்டில் அக்காவும் உங்கள் காப்பிச் செடிகளும் சுகமாக இருக்க அந்தத் தண்டாயுதபாணி பார்த்துக்கொள்வான். நிற்க.

வத்தலக்குண்டு சடையாண்டி தன் மகன் பொன்னுவேலுக்கு நம் வடிவைக் கேட்டிருக்கிற விஷயத்தில், என் முடிவை வியாழக்கிழமைக்குள் சொல்லும்படி எழுதியிருந்தீர்கள். வியாழக்கிழமை வரை எதற்கு? இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

முதல் குற்றம் உங்களுடையது, கோபித்துக்கொள்ள வேண்டாம். போன வருஷம் இரண்டு இடத்திலிருந்து வந்து பெண் பார்த்தார்கள். பஜ்ஜியையும் கேசரியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை. அதற்குப் பிறகு வடிவு, “இனிமே எவன் முன்னாடியும் காப்பித் தட்டு ஏந்த மாட்டேன்ப்பா” என்று சொல்லிவிட்டாள். அவள் அழாமல் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அதனால் பொது இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றீர்கள், நானும் சரி என்றேன். ஊர் உலகத்தில் கோயில் மண்டபத்தில் பார்ப்பார்கள். மலையடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற எனக்குக் கோயிலுக்கா பஞ்சம்? நீங்களோ காப்பிக்கொட்டை கொடுத்த பழக்கத்தில் கொடைக்கானல் லாட்ஜ்காரரிடம் சொல்லி, ‘பாரம்பரியக் குதிரையாட்டமும் நடனமும், மதியச் சாப்பாட்டுடன்’ என்று அச்சடித்த சீட்டை இரண்டு வீட்டுக்கும் வாங்கி அனுப்பினீர்கள். குதிரை சரி. நடனமும் சரி. சாப்பாட்டைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தீர்களா மச்சான்?

நேற்று வெள்ளனே பஸ் ஏறினோம். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் கந்தம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, உங்கள் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் என் தலையில் குரங்குக் குல்லாவை மாட்டிவிட்டாள். சம்பந்தி வீட்டார் என்னை முதன்முதலில் பார்த்த கோலம் அதுதான். லாட்ஜின் பின்பக்கத்துச் சரிவில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஏதோ தற்செயலாகச் சந்தித்ததுபோல் இருக்க வேண்டும் என்று இரு வீட்டுக்கும் எழுதியிருந்தீர்களே, சடையாண்டி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சரிவு முழுக்கக் கேட்கும்படி, “ஐயாவுக்கு எந்த ஊருங்க?” என்றார். “பழனிங்க” என்றேன். “அப்படிங்களா! நமக்கு வத்தலக்குண்டுங்க. சும்மா குதிரை பாக்க வந்தோம். இது ஒங்க மகளுங்களா? வடிவுன்னு பொருத்தமாத்தான் பேரு வச்சிருக்கீங்க” என்றார். பெயரை நான் இன்னும் சொல்லவே இல்லை. அவருடைய சம்சாரம் அன்னக்கொடி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளைப் பிள்ளை மட்டும் ஒன்றும் பேசாமல், அச்சடித்த சீட்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவராம். சீட்டில் என்ன கணக்கு இருந்ததோ.

ஆட்டம் தொடங்கியது. ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றுகிற மட்டக்குதிரைகளையே சலங்கை கட்டி, நெற்றிக்குக் குஞ்சம் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மேளத்துக்கு ஆடும் என்று அறிவிப்பு. அவை ஏரியைச் சுற்றிப் பழகியவை. நாலு எட்டு வைத்ததும் போட்டோ எடுக்கிறவருக்காகத் தாமாக நின்றன. யாராவது கேமராவைத் தட்டிய பிறகுதான் நகர்ந்தன. அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரைக்காரர்கள் ராஜா ராணி வேஷத்தில் வந்து ஆடினார்கள். பிரமாதமான ஆட்டம். ஆனால் ஒரு மட்டக்குதிரை ராணியின் அட்டைக் குதிரையைச் சொந்தக்காரி என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது, பின்னாலேயே போய் அதன் வாலைத் தின்றுவிட்டது. வால் இல்லாமலே ராணி கடைசிவரை ஆடினாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு இலை போட்டார்கள்.

சம்பந்தம் முடிவாகாமல் ஒரு வீட்டார் சோற்றில் இன்னொரு வீட்டார் கை நனைப்பதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இது லாட்ஜ் சோறுதானே என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சீட்டு வாங்கியது யார்? பெண்ணின் தாய்மாமன். ஆகவே இது பெண் வீட்டுச் சோறு. சடையாண்டி இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் பட்டினி கிடக்கப் பெண் வீட்டார் பிசைந்து அடிக்க முடியுமா? நானும் கையை மடியில் வைத்துக்கொண்டேன். சாம்பார் வந்தது. கத்தரிக்காய் வறுவல் வந்தது. மிளகு ரசம் ஆவி பறக்க வந்தது. மச்சான், கொடைக்கானல் குளிரில் மிளகு ரச ஆவி முகத்தில் அடிக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கொடுமை நம் விரோதிக்குக்கூட வரக்கூடாது.

லாட்ஜ் மேனேஜர் ஆரோக்கியதாஸ் பதறிக்கொண்டு ஓடிவந்தார். “ஏங்க, சாப்பாட்டுல எதுவும் கம்ப்ளெயின்டுங்களா?” என்றார். “ஒண்ணுமில்லீங்க, நமக்கு இன்னைக்குக் கிருத்திகை விரதம்” என்றார் சடையாண்டி. நான் சும்மா இருந்திருக்கலாம். “நமக்குச் சஷ்டி விரதமுங்க” என்றேன். உள்ளேயிருந்து சமையல்கார அம்மா சூசையம்மாள் கரண்டியோடு வந்துவிட்டார். “ஒரே சாமிக்கு ஒரே நாள்ல ரெண்டு விரதமா? நான் கோயிலுக்குப் போறவ இல்ல, சர்ச்சுக்குப் போறவதான். ஆனா எங்க பக்கத்து வீட்டுல கிருத்திகையும் சஷ்டியும் தப்பாமப் பிடிப்பாக. இன்னைக்கு அங்க ஆட்டுக்கறி மணக்குது! சோத்து முன்னாடி உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லாதீங்கய்யா” என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, வால் தின்ற குதிரை கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, சடையாண்டியின் தோளுக்கு மேலாக எட்டி அவர் இலையில் வாய் வைத்தது. அதற்குச் சம்பிரதாயம் ஏது? அவர் “முருகா!” என்று என் மேல் சாய்ந்தார். என் இடுப்பு போனது அப்போதுதான். மாப்பிள்ளைப் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டார்! “ஏலே, எறங்குலே, பொண்ணு பாக்குது!” என்று அன்னக்கொடியம்மாள் கத்தினார். தற்செயலாகச் சந்தித்த லட்சணம் அதோடு போயிற்று. நம் வடிவுதான் எழுந்து, ஒரு அப்பளத்தைக் காட்டிக் குதிரையைக் கயிற்றோடு பிடித்து, சமையல்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை பெஞ்சிலிருந்து இறங்கி, உதவிக்கு என்று அவரும் அந்தப் பக்கம் போனார். போனவர்கள் வர வெகுநேரம் ஆயிற்று. குதிரைக்காரரைத் தேடினோம் என்றார்கள்.

சாப்பாட்டுக்குப் பின் மறுபடி பொய்க்கால் குதிரை. பார்க்கிறவர்களில் யாராவது ஆடிப் பார்க்கிறீர்களா என்று ராஜா கேட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரர்கள்கூடச் சும்மா இருந்தபோது, நம் பொன்னுவேல் எழுந்துபோய் அட்டைக் குதிரைக்குள் இறங்கிவிட்டார். பெண் பார்க்க வந்தவன் செய்கிற வேலையா இது? நிஜக் குதிரைக்கு நடுங்கியவர் பொய்க் குதிரையில் குதிக்கிறார், சுழலுகிறார், வணக்கம் வைக்கிறார். நாங்கள் எல்லாம் பசியில் துவண்டுகிடக்க, விரதக்காரருக்கு இத்தனை தெம்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடைசியில் டேலியாப் பூப்பாத்தியில் குதிரையோடு விழுந்தார். வடிவு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆயிற்று, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சிரிப்பு மூட்டுகிறவனுக்கெல்லாம் பெண் கொடுக்க முடியுமா?

திரும்புகிற வழியில் பெருமாள்மலையில் பஸ் நின்றபோது நானும் கந்தம்மாளும் பன் ரொட்டி வாங்கி, காகிதத்தை உரிக்கக்கூடப் பொறுமையில்லாமல் தின்றோம். வடிவு மட்டும் “வேணாம்ப்பா” என்று சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாவம், பிள்ளைக்கு மனசு வெறுத்துப்போய்ப் பசிகூட எடுக்கவில்லை. இன்னொரு முறை அவளை இப்படி அலைக்கழிக்க மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே மச்சான், குதிரையைக் கண்டு பெஞ்சு ஏறுகிற, பத்துப் பேர் முன்னால் குதித்து ஆடுகிற, சபை நடுவில் ஒரு வார்த்தை பேசத் தெரியாத பிள்ளை நமக்கு வேண்டாம். நல்லவேளையாக யாரும் கை நனைக்கவில்லை. யாரும் யாருக்கும் கட்டுப்படவில்லை. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சடையாண்டியிடம் மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள். மனிதர் நல்லவர், என் மேல் விழுந்ததைத் தவிர. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் தோட்டத்தில் மழையும் விலையும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வ. குருநாதன்

பி.கு.: இதைத் தபாலில் போடச் சொல்லி வடிவிடம் நீட்டினேன். “என்னப்பா எழுதியிருக்கீங்க?” என்றாள். “வேணாம்னு எழுதிட்டேன் தாயி, நீ கவலைப்படாத” என்றேன். அவள் வாங்காமல் நின்றாள். “அது முடியாதுப்பா. கை நனைச்சாச்சு” என்றாள். நேற்றுக் குதிரையை ஒப்படைத்துவிட்டு இவள் சமையல்கட்டு வாசலில் நின்றிருக்கிறாள். பொன்னுவேல் அங்கே வந்து சூசையம்மாளிடம், “அக்கா, எனக்கு விரதமும் இல்ல ஒண்ணும் இல்ல. பசியில உசுரு போகுது, வெரசாச் சோறு போடுங்க” என்றாராம். அந்த அம்மா இரண்டு பேரையும் விறகுக் கட்டின்மேல் உட்காரவைத்து இரண்டு இலை போட்டிருக்கிறார். இவள் ரசம் இரண்டு தடவை வாங்கினாளாம்! கந்தம்மாளுக்கு நேற்று ராத்திரியே எல்லாம் தெரியும். ஆகவே மேலே எழுதியதை எழுதாததாகப் பாவித்து, சடையாண்டியிடம் நாள் பார்க்கச் சொல்லிவிடுங்கள். சமையல்கட்டு விஷயம் மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம். “குதிரைக்குப் பயந்த பயலா தாயி உனக்கு?” என்று நான் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அதற்கு அவள் சொன்னது: “அங்க இலை முன்னாடி உக்காந்திருந்த அத்தனை பேருல, பசிக்குதுன்னு உண்மையச் சொன்னது அவரு ஒருத்தருதான்ப்பா.”