அறுபது வயலினும் ஒரு காலைப் பொழுதும்

திங்கட்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு லேப்டாப் ‘ஈஈஈஈஈ’ என்று ஒரு சுரத்தைப் பிடித்தது. பிடித்ததை விடவில்லை. திரையில் அம்புக்குறி அசையவில்லை. உள்ளே இருந்த விசிறி மட்டும் விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது. மேஜை அதிர்ந்தது. மேஜைமேல் இருந்த டீ அதிர்ந்தது. டீயைவிட அதிகமாக டிங்டாங் அதிர்ந்தார்.

டிங்டாங் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. விளம்பரங்களுக்கு இசையமைப்பது அவர் தொழில். பதினைந்து வருடம் மண்டையைக் கசக்கியதில் ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். கடைகளில் அறிவிப்புக்கு முன்னால் ஒலிக்கிற ‘டிங்... டாங்’. மொத்தமே இரண்டு சுரம். அதிலும் இரண்டாவது, கை தவறி விழுந்தது. அன்றிலிருந்து பல் டாக்டர் முதல் பால் போடுகிறவர் வரை, “என்ன டிங்டாங் சார், சௌக்கியமா?” என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“போச்சு! எல்லாம் போச்சு!” என்று கத்தினார்.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். “எது போச்சு? கரண்டா?”

“கலை போச்சு!”

“கரண்ட் இருக்குல்ல? அப்ப சரி.”

பிரச்சினை இதுதான். ஒரு மெத்தைக் கம்பெனி முப்பது விநாடி இசை கேட்டிருந்தது. கேட்டவுடன் கண் சொருக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். டிங்டாங் அதற்கு லேப்டாப்பில் வயலின்களை ஏற்றிக்கொண்டே போனார். லேப்டாப் மூச்சை விட்டுவிட்டது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

“மொத்தம் எத்தனை வயலின்?”

“அறுபது.”

“ஒருத்தரைத் தூங்க வைக்கவா?”

“ஆமா.”

“அறுபது பேரு கட்டிலைச் சுத்தி நின்னு வாசிச்சா எவன் தூங்குவான்? எந்திரிச்சு உக்காந்து, ‘யாரு செத்தது’ன்னு கேப்பான்.”

“உனக்கு இசை புரியாது! இது என் தப்பே இல்ல. மெமரி பத்தல. எட்டு ஜிபியில அறுபது வயலின்னா, ஸ்கூட்டர்ல கல்யாண கோஷ்டிய ஏத்துற மாதிரி. முடிவு பண்ணிட்டேன். இதுக்கு மெமரி போடப் போறோம்!”

“போடுவோமே. ஸ்டோரேஜ் போட்டப்புறம்.”

டிங்டாங்குக்கு மூக்கு விடைத்தது. வீட்டில் லேப்டாப் ஒன்றுதான். அதில் மனைவிக்கும் பாதி உரிமை. அவள் நாவல்களை வாசித்துப் பதிவு செய்து ஒரு ஒலிநூல் நிறுவனத்துக்கு அனுப்புகிறவள். கிழவிக்கு ஒரு குரல், போலீஸ்காரனுக்கு ஒரு குரல், கிளிக்குக்கூடத் தனிக் குரல். அத்தனையும் சேர்ந்து லேப்டாப்பின் வயிற்றை நிரப்பிவிட்டன.

“நேத்து இருபத்திரெண்டாம் அத்தியாயம். கதாநாயகி சாகப் போறா. கடைசி வார்த்தை சொல்ல வாயத் திறக்கிறா. ‘போதிய இடமில்லை’ங்குது இது. நேத்துலேர்ந்து அவ பாதி உயிரா கிடக்கா. உங்க வயலினுக்கு ஒரு வாரம் கழிச்சு மூச்சு வந்தா ஒண்ணும் குடிமுழுகாது.”

இந்த வருடம் ஒன்றுதான் மாற்றுவது, அதற்கும் இரண்டு பேருமே தலையாட்ட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சட்டம் வந்ததற்குக் காரணம், யாரையும் கேட்காமல் அவர் போன வருடம் வாங்கி வந்த ஆளுயர ஸ்பீக்கர். அது இன்றுவரை துண்டு காயப்போட மட்டுமே பயன்பட்டு வந்தது.

“உனக்குப் புரியற மாதிரி சொல்றேன்” என்று டிங்டாங் பொறுமையை வரவழைத்துக்கொண்டார். “ஸ்டோரேஜ்ங்கறது பீரோ. மெமரிங்கறது கட்டில். துணிய பீரோவுலேர்ந்து எடுத்துக் கட்டில்ல பரப்பினாத்தானே மடிக்க முடியும்? கட்டில் சின்னதா இருந்தா எப்படி?”

“நம்ம வீட்டுல துணி கட்டில்லயேதான் கிடக்கு. மூணு வாரமா. உங்களுக்குக் கட்டிலைப் பெருசாக்கினா ஆறு வாரத் துணி கிடக்கும். பீரோ வாங்குங்க.”

உவமையை அவர் சொல்லியிருக்கவே கூடாது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் குமுறினார். பல் தேய்க்கும்போது குமுறினார். சாப்பிடும்போது குமுறியதில் புரை ஏறியது. நியாயம் கேட்டால் கட்டிலாம், பீரோவாம்! இனி நியாயம் உதவாது, தந்திரம்தான் வழி என்று சபதம் எடுத்தார்.

புதன்கிழமை மதியம் மனைவி இரண்டு பழைய படங்களை அழித்துக் கொஞ்சம் இடம் பிடித்து, மைக்கை மாட்டிக்கொண்டு உட்காருவதற்கு ஒரு நிமிடம் முன்னால், அவர் பூனை மாதிரி அறைக்குள் போனார். அறுபது வயலினையும் திறந்தார். அந்த ஜன்னலைச் சுருக்கி, திரையின் ஓரத்தில் ஒளித்தார். பூனை மாதிரியே வெளியே வந்து கதவில் காதை வைத்தார்.

உள்ளே கதாநாயகி முனகினாள். “என்னை... மறந்து... வி...”

அப்புறம் ‘ஈஈஈஈஈ’.

டிங்டாங் துள்ளிய துள்ளலில் செருப்பு ஒன்று கழன்று போனது. கதவு திறப்பதற்குள் ஹாலுக்கு ஓடி, செய்தித்தாளை விரித்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது.

“என்னாச்சும்மா?”

“ஹேங் ஆயிடுச்சுங்க.” மனைவி எதிரே உட்கார்ந்தாள். “நீங்க சொன்னது சரிதான் போலிருக்கு. மெமரிதான் போடணும்.”

அவருக்குக் காதில் ‘டிங்டாங்’ ஒலித்தது. “நான் அன்னிக்கே சொன்னேன்!”

“ஆனா ஒண்ணு. நான் ஸ்டோரேஜ விட்டுக் கொடுக்கிறேன்ல? நீங்க எனக்கு என்ன விட்டுக் கொடுப்பீங்க?”

“டீ போடறேன்.”

“குடிக்கப் போறது நான். எனக்கு ஏன் தண்டனை?”

“துணி மடிக்கிறேன். ஒட்டடை அடிக்கிறேன். உங்க அக்கா வந்தா சிரிச்ச முகமா இருக்கேன்.”

“அக்காவே வேணாம்னுட்டா, நீங்க சிரிச்சா பயமா இருக்காம். எனக்குக் காலை வேணும்.”

டிங்டாங் செய்தித்தாளைக் கீழே போட்டார்.

அந்த வீட்டில் இருந்த ஒரே தனி அறையின் பின்சுவரை ஒட்டி ஒரு மரப்பட்டறை. மதியம் ஒரு மணிக்குத் திறப்பார்கள். ஆறு மணி வரை ‘ர்ர்ர்ர்ரீங்’ என்று ரம்பம் ஓடும். காலை மட்டும்தான் அமைதி. அந்தக் காலையை, லேப்டாப்போடு சேர்த்து, இரண்டு வருடமாக அவர்தான் பிடித்து வைத்திருந்தார். “கற்பனை எனக்குக் காலையிலதான் வரும்” என்பார். அவள் ரம்பத்துக்கு நடுவில் புகுந்து புகுந்து வாசிப்பாள். போன நாவலில் காதலன் காதலைச் சொன்ன இடத்தில் ரம்பம் பலகையைப் பிளந்துவிட்டது. ‘காதலன் ஏன் வில்லன் மாதிரி உறுமுகிறான்?’ என்று நிறுவனத்திலிருந்து கடிதமே வந்தது.

“காலையா? அது மட்டும் முடியாது!”

“சரி விடுங்க. ஸ்டோரேஜே போட்டுடலாம்.”

“இரு, இரு. யோசிக்கிறேன்.”

யோசித்தார். மெமரி மட்டும் வந்துவிட்டால் அறுபது என்ன, அறுநூறு வயலின் ஏறும். அறுநூறு வயலினுக்கு முன்னால் எந்த ரம்பம் நிற்கும்? காதில் ஹெட்போன் வேறு. காலையை விட்டெறிந்துவிட்டு மதியத்தில் உலகத்தை ஆளலாம். ஆனால் இவளை நம்ப முடியாது. இன்றைக்குச் சம்மதித்து நாளைக்கு மாற்றிப் பேசினால்?

“சம்மதம். ஆனா கறாரா பேசிக்குவோம். நீ மெமரிக்குச் சம்மதம் கொடுத்துட்டா, அந்த நிமிஷமே காலை உன்னுது. அப்புறம் நீயும் மாத்திப் பேசக் கூடாது, நானும் மாத்திப் பேசக் கூடாது. என்ன ஆனாலும்!”

“என்ன ஆனாலுமா?”

“இடியே விழுந்தாலும்!”

“அப்ப மைக்ல சொல்லிடுங்க. பின்னாடி சண்டை வராது பாருங்க.”

மைக் என்றதும் கலைஞனுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. தொண்டையைச் செருமினார். முதல் முறை சொன்னதில் ‘காலை’ கொஞ்சம் கம்மியது. இரண்டாவது முறை ‘இடி’யில் கம்பீரம் பற்றவில்லை. மூன்றாவது முறைதான் திருப்தி. பின்னணியில் மெல்லிசாக ஒரு புல்லாங்குழலும் சேர்த்துக் கொடுத்தார். மனைவி பத்திரமாகச் சேமித்தாள். அதற்கு மட்டும் இடம் இருந்தது.

“மெமரி போட எனக்குச் சம்மதம்” என்றாள், தெள்ளத் தெளிவாக.

வியாழக்கிழமை காலை இருவரும் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்குத் தான் அறுவை சிகிச்சை நிபுணர் என்று நினைப்பு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“திங்கக்கிழமைலேர்ந்து.”

“மூச்சு வாங்குதா? உடம்பு சுடுதா? ராத்திரி அணைச்சுப் படுக்க... ஐ மீன், அணைச்சு வைக்கிறீங்களா?”

“எல்லாம் இருக்கு. மெமரி போட்டா சரியாயிடும். சீக்கிரம்!”

“அவசரப்படாதீங்க சார். தொறந்து பாத்துத்தான் எதுவும் சொல்ல முடியும்.”

பின்மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். ‘ம்ம்ம்’ என்றார். பிறகு டிங்டாங்கின் தோளில் கை வைத்தார்.

“சார், மனசைத் திடப்படுத்திக்கோங்க. இதுல மெமரி ஏத்த முடியாது.”

“என்னது?”

“இந்த மாடல்ல மெமரிய போர்டோட சேத்தே பத்தவச்சு ஒட்டிடுவாங்க. கழட்டவும் முடியாது, கூட்டவும் முடியாது. பொறக்கும்போது எவ்வளவோ, சாகும்போதும் அவ்வளவுதான். ஸ்டோரேஜ் மாத்தலாம். அது ஒரே ஒரு ஸ்க்ரூ.” மேஜை டிராயரை இழுத்தார். ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். “மேடம் சொன்ன சைஸே எடுத்து வச்சிருக்கேன்.”

டிங்டாங் மெல்லத் திரும்பினார். மனைவி சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம் எப்ப சொன்னாங்க?”

“திங்கக்கிழமை சாயந்திரமே! மாடல் நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு வந்தாங்க. மெமரி ஏறாது மேடம்னு அப்பவே சொல்லிட்டேன். சார்கிட்ட சொல்லலையா?”

“துரோகம்!” டிங்டாங் போட்ட சத்தத்தில் கடைக்காரரின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாகவே மூக்குக்கு இறங்கியது. “பச்சைத் துரோகம்! போட முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே சம்மதம் கொடுத்திருக்கே!”

“நீங்க சம்மதம்தானே கேட்டீங்க? குடுத்தேன். வேணும்னா இன்னொரு தடவையும் தரேன். தாராளமா போட்டுக்கோங்க.”

“எங்க போடறது? என் தலையிலயா?”

“அங்க போட்டா எனக்கு இன்னும் சந்தோஷம்.”

“ஒப்பந்தம் செல்லாது! நான் ஏமாத்தப்பட்டிருக்கேன்!”

“அப்படியா? அறுபது வயலினையும் ஓரமா ஒளிச்சு வச்சு, என் கதாநாயகிய ரெண்டாவது தடவையும் நிம்மதியா சாக விடாம பண்ணது யாருங்க? தலைகீழா பேப்பர் படிச்சது யாருங்க?”

டிங்டாங் கடைக்காரரை நியாயத்துக்குக் கூப்பிட்டார். “நீங்களே சொல்லுங்க சார், இது அடுக்குமா?”

கடைக்காரர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னார். “எனக்குத் தெரிஞ்சு இது நல்லா அடுக்கும் சார். ஆயிரம் மணி நேரப் பதிவை அடுக்கலாம்.”

மாற்ற வேறொன்றும் இல்லாததால் டிங்டாங் ஸ்டோரேஜுக்குத் தலையாட்டி வைத்தார். வெள்ளிக்கிழமை காலை அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கதாநாயகி ஒருவழியாகக் கடைசி வார்த்தையைச் சொல்லி, வெகு நேர்த்தியாக இறந்து போனாள். ரம்பமே இல்லை. டிங்டாங் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சரியாக ஒரு மணிக்கு லேப்டாப் அவர் கைக்கு வந்தது. சரியாக ஒரு மணிக்கு ‘ர்ர்ர்ர்ரீங்’கும் வந்தது.

அறுபது வயலின் ஏற்றினார். ஹேங் ஆனது. நாற்பது. ஹேங். இருபது. திணறியது. ஒவ்வொரு வயலினையும் நீக்கும்போது சொந்தக்காரரை ரயிலேற்றி அனுப்புகிற துக்கம். நாலரை மணிக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வயலின். வேகமாக வாசிக்க வைத்தால் திரும்ப நின்றுவிடுமோ என்ற பயத்தில், நீளமாக, மெதுவாக, ஒவ்வொரு சுரமாக வைத்தார். கடுப்பில் அதைத் திருப்பிக்கூடக் கேட்கவில்லை. அனுப்பினார். அப்படியே மேஜைமேல் தலையைச் சாய்த்தார். மனைவி எழுப்பும்போது மணி ஆறரை.

திங்கட்கிழமை மெத்தைக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ‘அபாரம்! மீட்டிங்கில் போட்டோம். மூன்று பேர் கொட்டாவி விட்டார்கள். மேனேஜர் குறட்டையே விட்டுவிட்டார். இதுவரை நீங்கள் செய்ததிலேயே இதுதான் சிறந்தது.’

டிங்டாங் குதிக்கப் போனார். ஒரு கால் தரையை விட்டும் எழும்பிவிட்டது. அப்போதுதான் உறைத்தது. மதியம் போட்ட பாட்டு! ரம்பத்துக்கு நடுவில் போட்ட பாட்டு! இது இவளுக்குத் தெரிந்தால் காலை என்றைக்குமே திரும்பாது. எழும்பிய காலை மெதுவாக இறக்கினார். கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

“மெத்தைக்காரங்க பதில் போட்டுட்டாங்க.”

“என்னவாம்?”

“வேணாம்னுட்டாங்க.” குரலை உடைய விட்டார். “பாட்டுல ஜீவனே இல்லையாம். மதியத்துல போட்ட பாட்டு மாதிரி இருக்காம். பதினஞ்சு வருஷப் பேரு! ஒரே நாள்ல! இப்பவாவது புரியுதா, காலை எனக்கு எவ்வளவு முக்கியம்னு?”

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். பார்வையில் இரக்கம் ததும்பியது. டிங்டாங்குக்கு உள்ளுக்குள் வெற்றி முரசு கொட்டியது.

“அடப் பாவமே! அப்புறம் ஏங்க இப்பதான் மேனேஜர் என் குரலை ஒலிநூல்ல கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணி, பாட்டு பிரமாதம், அது மேல ரெண்டு வரி பேசிக் குடுங்கன்னாரு? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரெக்கார்டிங். நீங்க எங்கயாவது வெளிய போயிட்டு வாங்க, உங்க பெருமூச்சு மைக்ல விழும்.”