நூற்றியோராவது வேலை

இனி இந்த வீட்டில் சும்மா ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த வேகத்தில் சோபாவை விட்டு எழுந்தேன். அதற்கே மூச்சு வாங்கியது.

எல்லாம் பிஸ்கட்டால் வந்தது. எனக்குச் சர்க்கரை. என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மற்ற கணவன்மார்கள் பெண்டாட்டியிடம் பொய் சொல்லிப் பிழைக்கலாம். என் ரத்தமே என்னைப் போட்டுக்கொடுத்துவிடும். போன மாத ரிப்போர்ட்டைப் பார்த்தவள், கிரீம் பிஸ்கட் டின்னை அலமாரியில் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆபீசில் என் கதையே வேறு. கிரிப்டோ காசு மைனிங் செய்கிற கம்பெனி. மைனிங் என்றதும் கடப்பாரையோடு சுரங்கத்தில் இறங்குகிறேன் என்று நினைத்து மாமனார் கொஞ்ச நாள் கண்கலங்கினார். அதெல்லாம் இல்லை. ஒருவர் இன்னொருவருக்குக் காசு அனுப்பினால் அது வரிசையில் நிற்கும். எங்கள் கம்ப்யூட்டர்கள் அதை எடுத்து ஒரு பிளாக்கில், அதாவது பொதுக் கணக்கேட்டின் ஒரு பக்கத்தில், சேர்த்தால்தான் போய்ச்சேரும். யார் அதிகக் கட்டணம் தருகிறாரோ அவருக்கே முதல் இடம். அந்த விதிகளை எழுதுவது சாட்சாத் நான்தான்.

அதையே வீட்டிலும் கொண்டுவந்தேன்.

“இனிமே இந்த வீட்ல நான்தான் மைனர்.”

“இந்தத் தொப்பைக்கு மைனர் வேறயா?”

“கேளு. என்ன வேலை ஆகணுமோ சீட்டுல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டு. கீழ கட்டணம் போடு. எது கூடவோ அதைத்தான் முதல்ல எடுப்பேன்.”

“கட்டணம் எதுல?”

“பிஸ்கட்ல. குறைஞ்சது ஒண்ணு. கட்டணம் இல்லாம இந்த வீட்ல யாருக்கும் எதுவும் நகராது.”

சண்டை வரும் என்று கதவுப்பக்கமாக நின்றுகொண்டேன். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். “சம்பாதிச்சதை உடனே எடுத்துக்கலாமாங்க?”

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். படித்த திமிர் விடவில்லை.

“அதெப்படி? அதுக்கப்புறம் இன்னும் நூறு பிளாக் சேரணும். அப்பதான் மைனர் அதைத் தொட முடியும்.”

“பிளாக்னா?”

“நம்ம வீட்ல ஒரு வேலைன்னு வெச்சுக்கோயேன்.”

“அப்ப நூறு வேலை,” என்று எல்லா விதியையும் ஒரு தாளில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

மறுநாள் ஃப்ரிட்ஜ் தெரியவில்லை. சீட்டுதான் தெரிந்தது. ‘மாடிக்குப் போய்த் துணி காய்ந்ததா என்று பார்க்க. ஒரு பிஸ்கட்.’ ‘மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்துவர. ஒரு பிஸ்கட்.’

“ரெண்டையும் ஒரே நடையில முடிச்சிடட்டுமா?”

“தாராளமா. ஒரு பிஸ்கட்தான் கணக்கு.”

நான்கு மாடி. இரண்டு தடவை ஏறினேன்.

விஷயம் எதிர்வீட்டுத் தையற்காரம்மாவுக்கு எட்டியது. தையல் மெஷினை நகர்த்த இரண்டு பிஸ்கட் என்று அவரும் ஒரு சீட்டு ஒட்டினார். உடனே என் மனைவி, பரணைச் சுத்தம் செய்ய மூன்று என்றாள். எனக்காக இரண்டு பெண்கள் போட்டி போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விசிலடித்துக்கொண்டே பரணில் ஏறினேன்.

மூன்று வாரத்தில் தொண்ணூறு வேலை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. அந்த வாரம் என் ரத்தத்தை அவளே எடுத்தாள், ரிப்போர்ட்டை அவளே கொண்டுவந்தாள். சர்க்கரை மளமளவென்று இறங்கியிருந்தது.

“மூணு வருஷமா டாக்டர் நடங்க நடங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டார். கேட்டீங்களா?” என்றாள். ரிப்போர்ட்டை மறுபடி பிரித்து அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். பயந்துபோயிருந்திருக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாக்குக்கு அது புரியவேண்டுமே.

நூற்றியோராவது வேலை, மின்விசிறி துடைப்பது. துடைத்த கையோடு அலமாரி முன்னால் போய் நின்றேன்.

“முதல் வேலைக்குச் சம்பாதிச்ச பிஸ்கட். எடு.”

கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, டின்னிலிருந்து கிரீம் பிதுங்க ஒன்றை எடுத்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“எடுத்துத் தர்றதும் ஒரு வேலைதானேங்க. சீட்டு எங்க?”

அவசரமாக எழுதி ஒட்டினேன்.

“கட்டணம்?”

ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். குறைந்தது ஒன்று. கீழே என் கையெழுத்து, இரண்டு கோடு போட்டு.

“இப்போதைக்கு நான் தொடக்கூடியதே அந்த ஒண்ணுதானே,” என்றேன்.

“அது போதுங்க,” என்று கடித்தாள். ரசித்துச் சாப்பிட்டாள். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த சீட்டை ஒட்டினாள்.

‘கீழே சிந்திய பிஸ்கட் தூளைப் பெருக்க. ஒரு பிஸ்கட்.’