நாலு நிமிட ஆசிரியர்

ஆய்விதழ் ஆசிரியர்களில் நாலு நிமிட ஆசிரியர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் மாடாய் உழைத்து ஒரு கட்டுரை எழுதி அனுப்பியவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவர் முகத்தில் இந்த ஆசிரியரின் கைவண்ணத்தை நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

அவருக்கு என்ன வேலை என்கிறீர்களா? இதழுக்கு வரும் விஞ்ஞானக் கட்டுரை சரியா தப்பா என்று சொல்ல, அந்தத் துறை வல்லுநர்கள் இரண்டு மூன்று பேரிடம் அது போக வேண்டும். அதற்கு முன்னால் வாசலில் ஒருவர் உட்கார்ந்து, 'நீ உள்ளே போ, நீ வீட்டுக்குப் போ' என்று பிரித்து அனுப்புவார். அந்த வாசல்காரர்தான் நம்மவர். பெயரை மறைத்துத்தான் கட்டுரை அவரிடம் வரும். எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறார் என்பதும் தெரியாது என்பது வேறு விஷயம்.

நம்மவர் ஆசிரியராக இருப்பது தண்ணீர் பற்றிய ஆய்விதழ் ஒன்றுக்கு. காலை ஏழரை மணிக்குக் காபியும் கையுமாகக் கணினிமுன் உட்கார்ந்தாரென்றால், முதலில் தலைப்பைப் பார்த்து, அது இரண்டு வரிக்கு மேல் நீண்டால் முகம் சுளித்து, சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தில் ஒரு கண்ணை வைத்து, படங்களின் நிறம் உறுத்துகிறதா என்று மறுகண்ணால் நோட்டம் விட்டு, அங்கிருந்து ஒரே தாவலாகக் கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலில் போய்க் குதிப்பார். அங்கே மட்டும் நிதானம். வரிவரியாக விரல் வைத்துத் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால், எழுதியவர் விஷயம் தெரிந்தவர். இல்லையா? பாவம், அடிப்படையே தெரியாத ஆள். நடுவில் இருபது பக்கம் இருக்கிறதே என்று கேட்டால், "அதப் படிக்கத்தானே வல்லுநருங்க இருக்காங்க" என்பார்.

திருப்பி அனுப்புவதற்கு ஆறு கடிதங்கள் தயாராக இருக்கின்றன. முன்பு இருந்த ஆசிரியர் எழுதிவைத்துவிட்டுப் போனவை. எண்ணை அழுத்தினால் போதும், கடிதம் போய்விடும். நான்காம் எண், புதுமை போதாதவர்களுக்கு. நம்மவருக்குப் பிடித்த எண் அதுதான். பதினோரு வருஷமாக அழுத்துகிறார். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

அவருடைய மனைவி கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. இந்த வருஷத்துக்குள் ஒரு கட்டுரை ஏதாவது நல்ல இதழில் ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் இரண்டு வருஷம் நாற்பது வீடுகளுக்கு நடையாக நடந்து, குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, குளோரின் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று அளந்து ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தார். அதைப் பற்றி அவர் வீட்டில் பேச ஆரம்பித்தபோதெல்லாம் நம்மவர் காது கொடுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமைக் காலை நம்மவர் சாப்பாட்டு மேசைக்கு வெற்றிவீரராக வந்தார்.

"இன்னிக்குப் பத்தொன்பது கட்டுரை. காபி ஆறறதுக்குள்ள பதினேழத் திருப்பி அனுப்பிட்டேன்!"

மனைவி கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"என் கட்டுரையத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"எந்த இதழ்?"

"அத விடுங்க. லெட்டரக் கேளுங்க. 'தங்கள் ஆய்வை மிகுந்த கவனத்துடன் முழுமையாகப் பரிசீலித்தோம். ஆயினும் புதுமை போதாமையால்...'"

"முழுமையாவா? எப்ப எடுத்தான், எப்ப முடிவு சொன்னான்னு போட்டிருக்குமே, பாரு."

"எடுத்தது ஏழு நாப்பத்திரண்டு. திருப்பினது ஏழு நாப்பத்தாறு."

நம்மவர் நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்தார்.

"நாலு நிமிஷமா! நாலு நிமிஷத்துல பல்லுகூட ஒழுங்கா விளக்க முடியாதே! ரெண்டு வருஷ உழைப்பு! யாரு அந்த முட்டாள்?"

"பேர் போடலீங்க. 'ஆசிரியர்'னு மட்டும் இருக்கு."

"விடக்கூடாது. முடிவ மாத்தச் சொல்லி எழுது. நான் சொல்றேன், நீ அடி."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே சொன்னார். 'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, என் கட்டுரையின் நடுவிலும் பக்கங்கள் உள்ளன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் தலைப்பைத் தாண்டவில்லை என்று அஞ்சுகிறேன்...'

"அஞ்சுகிறேன் வேணாம். 'ஐயமின்றித் தெரிகிறது'ன்னு போடு!"

மனைவி போட்டார். அனுப்பினார். அரை நிமிஷம் ஆகியிருக்கும், நம்மவரின் சட்டைப்பையில் கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவர் மெல்ல உட்கார்ந்தார். ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதத்தை, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, தொடக்கம் முதல் முடிவு வரை வரி விடாமல் படித்தார்.

"இது... எனக்கு வந்திருக்கு."

"ஆமா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, பொண்டாட்டிங்கிறதுக்காக உள்ள விட்டீங்கன்னு ஆயிடும். பேர மறைச்சுத்தானே வருது, நியாயமாப் படிப்பீங்கன்னு நெனச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னுதான் மேற்கோள்ல உங்க பேரக்கூடப் போடல."

"அதான் பாத்தேனே..." என்று வாயை விட்டுவிட்டு, நம்மவர் பாதியில் மூடிக்கொண்டார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவியின் கட்டுரை என்று தெரிந்தபின் அவர் அதைத் தொடக்கூடாது. இணை ஆசிரியருக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதி, 'நீங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள்' என்று அனுப்பினார். பதில் உடனே வந்தது: 'வல்லுநர்களுக்கு அனுப்பியாயிற்று. வீட்டில் விசாரித்ததாகச் சொல்லவும்.'

"பாத்தியா, உள்ள போயிடுச்சு!"

"எத்தன நிமிஷத்துல?"

"மூணு."

"அப்ப அவரும் படிக்கல. ஒருத்தராவது படிச்சுட்டு வேணாம்னு சொல்லியிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காதுங்க."

நம்மவர் இருபத்து நாலு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். ஆசிரியராக இல்லை, வீட்டுக்காரராக. எதிரே வைத்த காபியில் ஆடை படிந்தது. பதினோரு மணி சுமாருக்கு உள்ளே குரல் கொடுத்தார்.

"இங்க வாயேன். பதினாலாம் பக்கத்து அட்டவணையில பன்னெண்டாவது வீடு உதைக்குதே. நேரம் ஆக ஆகக் குளோரின் குறையணும். இங்க கூடுது."

மனைவி ஓடி வந்து பார்த்தார். இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன. வேறொரு நாளாக இருந்தால் தப்புச் சொன்னதற்கே சண்டை வந்திருக்கும். இன்றைக்கு அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நெசமாவே படிக்கிறீங்க! சரி, அடுத்த பக்கம் எப்படி இருக்கு?"

"இரு, இன்னும் அங்க போகல."

இந்த இனம் ஆய்விதழ் அலுவலகத்தில் மட்டும்தான் வாழ்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஏதோ சொல்ல வந்தார். மூன்றாவது வார்த்தையிலேயே நீங்கள் "சரி சரி, புரிஞ்சுது" என்றீர்கள். அவர் என்ன சொல்ல வந்தார், சொல்லுங்கள் பார்ப்போம்?